உள்ளே வந்தவர்கள் எங்கே போனார்கள்? தமிழகக் காப்பகங்களின் நூறாண்டை முன்வைத்து

எதை அளப்பது?

ஆதரவற்ற பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் பணியாற்றும் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தமிழில் பெரும்பாலும் இருவகை எழுத்துகளே கிடைக்கின்றன. ஒன்று, வெள்ளிவிழா மலரிலோ நூற்றாண்டு மலரிலோ வெளிவரும் நிறுவனரின் வாழ்க்கை வரலாறு. மற்றொன்று, ஏதோ ஒரு காப்பகத்தில் நடந்த கொடுமை வெளியே தெரிந்து, அதிகாரிகள் சீல் வைத்த மறுநாள் நாளிதழில் வரும் செய்தி. முன்னதில் எல்லாரும் தியாகிகள். பின்னதில் எல்லாரும் குற்றவாளிகள். ஒரு காப்பகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்பதை எதைக் கொண்டு சொல்வது? இந்தக் கேள்வி இரண்டுக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இத்தனை கட்டில்கள், இத்தனை வேளைச் சாப்பாடு, பத்தாம் வகுப்பில் இத்தனை பேர் தேர்ச்சி என்று உள்ளே நடப்பவற்றின் கணக்கு கச்சிதமாக இருக்கும். வெளியேறியவர்களின் கணக்கு அநேகமாக இருக்காது. சேர்ந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள், எந்த நிலையில் போனார்கள் என்பதுதான் ஒரு காப்பகத்தை மதிப்பிடச் சரியான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம். சென்னையில் நூறாண்டுக்கு முன் எழுந்த இரண்டு இல்லங்களையும், இன்றைய சட்டத்தையும், அண்மைக் காலத்து நிகழ்வுகள் சிலவற்றையும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

கடற்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு

மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுந்த கிடங்கு. அதனால்தான் அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியது எல்லாருக்கும் தெரியும். 1917இல் அரசு அந்தக் கட்டடத்தைக் கையகப்படுத்தி, பிராமணக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் கைம்பெண்களின் விடுதியாக மாற்றியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த விடுதியை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே மணமாகி, சிறிது காலத்திலேயே கணவரை இழந்தவர். வழக்கப்படி மூலையில் உட்கார வைக்காமல் பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று குறிப்பிடப்படுபவர். அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, குழந்தைக் கைம்பெண்கள் சிலரை எழும்பூரில் தம்மோடு வைத்துக்கொண்டு பாடம் சொல்லத் தொடங்கினார். அந்தச் சிறு ஏற்பாடுதான் வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது.

அவரைப் பற்றி எழுதியவர்கள், மோனிகா ஃபெல்டன் 1966இல் வெளியிட்ட ஆங்கில வாழ்க்கை வரலாறு உட்பட, அவருடைய மன உறுதியையே முதன்மைப்படுத்துகிறார்கள். அந்த உறுதியில் ஐயமில்லை. ஆனால் இல்லம் வெற்றி பெற்றதற்கு மன உறுதியோடு மிகத் தெளிவான பொருளியல் காரணம் ஒன்றும் உண்டு. அன்றைய அரசுக்குப் பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஆண் வாத்தியார் நடத்தும் வகுப்புக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பல குடும்பங்கள் மறுத்தன. மணமான பெண்கள் வேலைக்கு வர வழியில்லை. மறுமணத்துக்கு இடமில்லாத, குடும்பத்தில் பாரமாகக் கருதப்பட்ட இளம் கைம்பெண்கள் படித்தால் இந்தத் தேவை தீரும் என்பதைப் பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சும் சுப்புலட்சுமியும் கண்டுகொண்டார்கள். அரசு உதவித்தொகை, பள்ளிப் படிப்பு, ஆசிரியப் பயிற்சி, பிறகு சம்பளமுள்ள பணி என்ற வரிசை இப்படித்தான் அமைந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வரும் சுப்புலட்சுமிதான். பன்னிரண்டு வயதில் மழித்த தலையோடு உள்ளே வந்த சிறுமி, சில ஆண்டுகளில் தன் பெயருக்கு வரும் மாதச் சம்பளத்தோடு வெளியே போக முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு கைம்பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இருந்திருக்க முடியாது.

இல்லத்தின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு சாதிக்கு மட்டுமே திறந்திருந்தது. மறுமணத்தை அது தன் கொள்கையாக முன்வைக்கவில்லை. ஆசாரமான குடும்பங்கள் நம்பிப் பெண்ணை அனுப்ப வேண்டுமானால் சமையலறை முதல் விரதம் வரை பழைய ஒழுங்கு குலையக் கூடாது என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. கணக்கு பலித்தது என்பது உண்மை. அரசுக் கருவூலத்தின் பணத்தில் நடந்த இல்லத்துக்குள் பிற சாதிக் கைம்பெண் நுழைய முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது வரலாறாகாது. ஐஸ் ஹவுஸின் வயது வரம்புக்குள் வராத, வயதில் மூத்த கைம்பெண்களுக்காக அவர் 1927இல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். தம் இல்லத்தின் குறைகளில் ஒன்றையாவது அவரே கண்டு சரிசெய்ய முயன்றதன் அடையாளம் அது.

அவ்வை இல்லமும் அதைச் சூழ்ந்த விவாதமும்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் 1886இல் பிறந்தவரே, ஊர் புதுக்கோட்டை. சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி நெடியது. 1929இல் வந்த சட்டத் திருத்தம், தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கியது. பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1930இல் அவ்வை இல்லம் தொடங்கிய கதை, சட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. பொட்டுக் கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். அப்போதிருந்த மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்ட முத்துலட்சுமி, பிறகு அதையே இல்லமாக்கினார். ஐஸ் ஹவுஸிலிருந்து அது வேறுபட்ட இடம் சேர்க்கை விதி: சாதி பார்க்கவில்லை. வெளியேறும் வழி ஏறத்தாழ ஒன்றுதான்: பள்ளிப் படிப்பு, ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பணி.

வரலாற்றாய்வாளர்கள் இங்கே இரு பக்கமாகப் பிரிகிறார்கள். பெண் விடுதலை வரலாற்றின் வெற்றிப் பக்கமாக இதை வாசிப்பது ஒரு மரபு. 1980களுக்குப் பின் வந்த அம்ரித் ஸ்ரீனிவாசன், தவேஷ் சோனெஜி போன்றோரின் ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. சொத்துரிமையும் கலையும் ஓரளவு சுயேச்சையும் கொண்டிருந்த பெண்களைச் சீர்திருத்தம் 'மீட்கப்பட வேண்டியவர்கள்' ஆக்கியது, அவர்களுடைய சொந்தக் குரல் அதில் அமுங்கிப்போனது என்பது அவர்களின் விமர்சனம். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் மசோதாவை எதிர்த்ததும் பதிவாகியிருக்கிறது. அதே சமயம், அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்றார். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் எழுதினார். அந்தச் சமூகத்தின் குரல் ஒற்றைக் குரல் அல்ல.

வெளியேறும் வழி என்ற அளவுகோல் இந்த விவாதத்திலும் கொஞ்சம் தெளிவு தரக்கூடும். அவ்வை இல்லத்துக்குள் வந்த சிறுமிக்குப் பழைய வாழ்வாதாரம் போனால் புதியது ஒன்று இருந்தது. ஊரில் தங்கிவிட்ட, நாற்பதைத் தாண்டிய, பாட்டும் ஆட்டமும் தவிர வேறு தொழில் அறியாத பெண்ணுக்குச் சட்டம் ஒரு கதவைச் சாத்தியது. அவளுக்காக வேறு கதவைத் திறந்தவர் யாருமில்லை. இல்லம் செய்தது சரியான வேலை. சென்னையில் ஓர் இல்லம் மட்டுமே இருந்ததுதான் பிழை, அந்தப் பிழை முத்துலட்சுமியுடையது அன்று. சட்டம் இயற்றிய அரசுக்கே அதில் பொறுப்பு.

இதே சிந்தனை பிற மாகாணங்களிலும் வெவ்வேறு வடிவில் இருந்தது. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனையும், கார்வே 1896இல் புணேயில் கைம்பெண் இல்லத்தையும் தொடங்கினார்கள். 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவிய துர்காபாய் தேஷ்முக், பின்னாளில் மத்திய சமூக நல வாரியத் தலைவராக இருந்தபோது, பள்ளி வயதைக் கடந்த பெண்கள் குறுகிய காலத்தில் பொதுத்தேர்வு எழுதும் சுருக்கப் பாடத்திட்டத்தை 1958இல் நாடு முழுவதும் கொண்டுவந்தார். இல்லத்தில் சேராமலேயே வெளியே வரும் வழியைப் பெற முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பெற்றோர் உள்ள 'அநாதைகள்'

இன்றைய நிலைமைக்கு வரலாம். குழந்தைகள் காப்பகங்களைப் பற்றிய பொது எண்ணம், அங்கிருப்பவர்கள் எல்லாம் தாய் தந்தை இல்லாதவர்கள் என்பது. மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2018இல் வெளியானது. நாடு முழுவதும் 9,589 நிறுவனங்களில் சுமார் 3.77 லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். பெற்றோரில் ஒருவரோடு வாழும் குடும்பத்திலிருந்து வந்த குழந்தைகள், இருவரையும் இழந்த குழந்தைகளைவிட அதிகம். கணக்கெடுப்பு நடந்தபோது அந்த நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருந்தன.

தமிழ்நாட்டில் காப்பகம் ஒன்றை மே மாதத்தில் போய்ப் பார்த்தால் இந்தப் புள்ளிவிவரம் கண்ணுக்கே தெரியும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பல இல்லங்கள் பாதி காலியாகிவிடுகின்றன. அம்மாவோ பாட்டியோ வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தகரப் பெட்டியும் புதுச் செருப்புமாகப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். கணவன் இறந்து அல்லது விட்டுப்போய், கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் அம்மாவுக்குப் பெண் பிள்ளையைத் தனியே விட்டுப்போகப் பயம். மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதற்காகவே கொண்டுவந்து சேர்க்கிறாள். அவளுடைய வறுமைக்கு மருந்தாகக் குழந்தையை அவளிடமிருந்து பிரித்து வைக்கிறோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு நேர் எதிரான கொள்கையைப் பேசுகிறது. காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று கூறுகிறது. குடும்பத்திலேயே வைத்துப் பராமரிக்க ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் ஆதரவுத் தொகைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இடமுண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025இல் தொடங்கியது. ஆக, பாதை வகுத்தாயிற்று. சூளையில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும், வருமானச் சான்று யார் வாங்கித் தருவார் என்பதுதான் மீதிக் கேள்வி. அந்த இடத்தில் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று செய்யக்கூடிய உதவி, ஐம்பது கட்டில் போட்ட கட்டடத்தைவிடப் பயனுள்ளது.

கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை அறிவியல் சான்று இன்னும் கறாரானது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளைக் கொண்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பிணைப்பும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பலன் அதிகம் தெரிந்தது. தொட்டிலில் போட்டு நேரத்துக்குப் பால் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இதற்குப்பின் இடமில்லை.

2020: அவசரமாகத் திறந்த கதவு

அப்படியென்றால் எல்லாக் குழந்தைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? இந்தக் கேள்விக்குக் கொரோனா காலம் ஒரு விடை தந்தது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. காப்பகக் குழந்தைகளில் சுமார் எழுபது சதவீதத்தினர் இந்த மாநிலங்களில் இருந்தார்கள். நூறு நாளுக்குள் அவர்களைக் குடும்பங்களிடம் சேர்க்க வேண்டும் என்பது அறிவுறுத்தல்.

கொள்கை சரியானது; வேகம் ஆபத்தானது. ஊரடங்கில் வேலை இழந்திருந்த குடும்பம், பள்ளி மூடியிருந்த காலம். எந்த வீட்டில் அடி உதை, எந்த வீட்டில் பாலியல் தொல்லை என்று போய் விசாரிக்க நேரமில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடு திரும்பிய குழந்தையின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. வீட்டுக்கு அனுப்புவதும் ஒரு சேவைதான். அதற்குப் பணமும் ஆளும் தொடர் கண்காணிப்பும் தேவை என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

குழந்தைகளுக்கு நேரும் பாலியல் குற்றங்களில் குற்றவாளி பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு தெரிந்தவரே. அவர் அதே வீட்டில் இருக்கும்போது, கதவைத் தாளிட்டுக் காக்கும் இடம் ஒன்று அந்தக் குழந்தைக்கு உயிர்த் தேவை. கணவனின் வன்முறையிலிருந்து நள்ளிரவில் தப்பி வரும் பெண்ணுக்கும் அப்படியே. காப்பகமே வேண்டாம் என்று வாதிடுவோர் இவர்களை மறந்துவிடுகிறார்கள். ஆனால் காப்பகத்துக்குள்ளும் அதே கொடுமை நடக்கக்கூடும். மாமல்லபுரத்துக் காப்பகங்களைப் பற்றி 2007இல் வந்த பத்திரிகைச் செய்தியையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அதில் 2017 மே மாதம் வந்த தீர்ப்பு, எல்லாக் காப்பகங்களும் பதிவு பெற வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. செய்திக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்தாண்டு. செய்தி வந்த நாளில் எட்டு வயதாயிருந்த குழந்தை, தீர்ப்பு வந்த நாளில் காப்பகத்தை விட்டு வெளியேறும் வயதை எட்டியிருக்கும்.

பதினெட்டு வயது

அந்த வயதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி அவர் குழந்தையல்ல; படுக்கையை அடுத்தவருக்கு விட வேண்டும். பின்கவனிப்பு என்ற பெயரில் 21 வயது வரை உதவ 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு வழி செய்கிறது. நடைமுறைத் தொல்லைகள் சட்டத்தில் எழுத முடியாத சின்னச் சின்ன இடங்களில் இருக்கின்றன. ஆதாரில் காப்பகத்தின் முகவரி. ரேஷன் அட்டையில் பெயர் இல்லை. சாதிச் சான்றிதழ் கேட்கும் கல்லூரியில் தகப்பன் பெயருக்கு என்ன எழுதுவது? வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரரின் முதல் கேள்வி சொந்த ஊர் எது என்பது. தீபாவளிக்கு விடுதி மூடும்போது எங்கே போவது? காய்ச்சல் வந்தால் மருத்துவமனைப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

ஐஸ் ஹவுஸின் பெண்களுக்கு முடிவில் ஒரு வேலை உறுதியாக இருந்தது. இன்றைய பதினெட்டு வயதுக்காரருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் வழியனுப்பு விழாவும் கிடைக்கின்றன. நூறாண்டில் கட்டடங்கள் பெருகின. வெளியேறும் வழி குறுகியது. இந்த ஒப்பீடு கடுமையானதாகத் தோன்றலாம், ஆனால் நியாயமானதே.

சுவரில்லாத தொண்டு

கட்டடமே இல்லாமல் செயல்பட்ட முயற்சிகளும் தமிழகத்தில் உண்டு. ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, பூக்காரிகள், காய்கறி விற்பவர்கள், இட்லிக் கடைக்காரிகள் போன்றோரைக் குழுவாக்கி, அரசு வங்கிகளின் குறைந்த வட்டிக் கடனைப் பெற்றுத் தந்தது. காலையில் நூறு ரூபாய் கொடுத்து மாலையில் வட்டியோடு பிடுங்கும் கந்துவட்டிக்காரரிடமிருந்து இப்படி ஒரு பெண்ணை விடுவித்தால், அவள் பிள்ளை காப்பகத்துக்கு வரத் தேவையே எழாது. இப்படித் தடுத்து நிறுத்திய துயரத்தை எந்த ஆண்டறிக்கையும் எண்ணிக்காட்ட முடியாது என்பதால்தான் நன்கொடையாளர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மற்றொன்று பான்யன். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல், மனநலம் குன்றித் தெருவில் திரிந்த பெண்களுக்காகச் சென்னையில் தொடங்கியது. அதன் முதல் இல்லத்தின் பெயர் அடைக்கலம். சிகிச்சை பெற்றவர்களில் பலர் தங்கள் ஊர் திரும்பினார்கள். குடும்பம் ஏற்காதவர்களும் குடும்பமே இல்லாதவர்களும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கினார்கள். 2015 முதல் அந்த நிறுவனம் நடத்தும் திட்டத்தில், இத்தகைய பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் உண்டு. மாலையில் என்ன சமைப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்கள். தன் கதவுக்குள்ளேயே தேங்கிப்போனவர்களைக் கண்டு, தன் வேலை முடியவில்லை என்று ஒரு தொண்டு நிறுவனம் ஒப்புக்கொண்டதன் விளைவு இது. இக்கட்டுரை தேடும் நேர்மை இதுதான்.

அரசுத் திட்டங்களிலும் இந்தத் திசைமாற்றம் தெரிகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் நெடுங்காலம் திருமண உதவியாக இருந்த திட்டம், 2022இல் உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது.

கொடுப்பவர் கேட்க வேண்டியவை

பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் திதிக்கும் அருகிலுள்ள இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். காலைச் சிற்றுண்டி இவ்வளவு, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாடு இவ்வளவு என்று அலுவலக அறையில் பலகையே தொங்கும். சோறு பரிமாறுமுன் பிள்ளைகள் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். பிறகு படம் எடுப்பார்கள். அன்றிரவே அது வாட்ஸ்அப்பில் சுற்றும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. கொடுப்பவரின் மனம் நல்ல மனம்தான். பசியோடு நின்று நன்றி சொல்லப் பழகும் பிள்ளையின் மனம் என்ன ஆகிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசகர்களில் பலர் இந்த ஆண்டும் ஏதேனும் ஓர் இல்லத்துக்குப் பணம் தரக்கூடும். தருவதற்கு முன் பொறுப்பாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 41ஆம் பிரிவின்கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா? போன ஆண்டு எத்தனை குழந்தைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், அவர்களைப் பிறகு யார் போய்ப் பார்த்தார்கள்? பதினெட்டு முடிந்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லாமல், ஒருவர் செவிலியர், இருவர் தொழிற்பயிற்சி முடித்து வேலையில், ஒருத்திக்கு இன்னும் வாடகை கட்டுகிறோம் என்று பதில் வந்தால், மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தை அந்த வாடகைக்குக் கொடுங்கள்.